வங்கி தின்ற ஒண்ணேகால் கிடா

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாள் சாயங்காலம் சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சோறும் கிடாக்கறிக் குழம்பும் சாப்பிடுவதற்கு அந்தப் பெயர். ஆராதனைக்கு வருஷம் பூராவும் தலைகாட்டாதவர்கள் அன்றைக்கு முதல் பந்தியில் இருப்பார்கள். கமிட்டித் தேர்தலில் ஒருவர் மேல் ஒருவர் கேஸ் போட்டுக்கொண்டவர்கள் அன்றைக்கு ஒரே வாளியிலிருந்து குழம்பு வாங்குவார்கள். இவ்வளவு விசேஷமான காரியத்துக்குப் பணம் வேண்டுமல்லவா? அதை வசூலிக்கிற பாக்கியம் போன வருஷம் எனக்குக் கிடைத்தது. நானே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்ட பாக்கியம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ஊரிலிருந்து டவுண் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டப் பிந்தினால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் எழுதுகிற கை என்னுடையதுதான். எத்தனையோ அப்பாமார் என் மேஜைக்கு முன்னால் நின்று கெஞ்சியிருக்கிறார்கள். "ரூல் அப்படி, நான் என்ன செய்ய?" என்று நிமிர்ந்து பார்க்காமலே சொல்லியிருக்கிறேன். அந்த வயிற்றெரிச்சல்தான் எனக்கு வந்து சேர்ந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் மினி பஸ் ஓட்டுகிறவர். ரோட்டில் எதிரே வருகிறவன் செய்கிற தப்புக்கெல்லாம் தனக்குத்தான் திட்டு விழும் என்று தெரிந்த மனுஷர்.

அசனக் காணிக்கைக்கு ஒரு ரசீதுப் புத்தகமும் ஒரு தகர டப்பாவும் போதும் என்றுதான் இத்தனை காலமும் இருந்தது. சென்னையிலும் துபாயிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் அந்த டப்பாவுக்குள் எப்படிப் பணம் போடும்? சபைக்கென்று, சுற்றுவட்டாரச் சபைகளுக்கெல்லாம் பொதுவான சேகர ஆபீசில் ஒரு வங்கிக் கணக்கு உண்டு. அதில் ஒரு ரூபாய் எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஊரில் இருந்து, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டும் இருந்தால், அடுத்த அசனத்துக்குள் பணம் கைக்கு வந்துவிடும்.

கமிட்டிச் செயலாளர் அண்ணாச்சி ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்கள் சங்கப் பிரதிநிதியாகக் கமிட்டியில் இருந்த என்னிடம் அவர்தான் கேட்டார்.

"தங்கச்சி, வெளியூர்ப் பிள்ளைய எல்லாம் போன்ல போடுதோம், நம்பர் தாங்கன்னு கேக்குதுவ. ஒரு வழி சொல்லுங்க."

"என் போன்லயே வாங்கிக்கிடுவோம் அண்ணாச்சி. ஸ்கேன் பண்ணுத அட்டை ஒண்ணு அடிச்சு கோயில் வாசல்ல வச்சிருவோம். திங்கக்கிழமை மொத்தமா எடுத்துக் கையில தந்துருதேன்."

இதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் ஏதோ சபையை அடுத்த நூற்றாண்டுக்குக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிற மாதிரி. வீட்டுக்காரர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, ஊர்ப் பணம். கையில வாங்கி டப்பால போட்டுட்டு நிம்மதியா இரு. போனுக்குள்ள எதுக்கு விடுத?" படிக்காத மனுஷர், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டை அடித்துத் தந்த ஜெராக்ஸ் கடைக்காரர் கோயில் காரியம் என்றதும் ஆர்வம் மேலிட்டு, கட்டம் கட்டமான அந்தக் கறுப்புச் சதுரத்துக்கு மேலே ஓர் ஆட்டுக்குட்டிப் படத்தையும் வைத்துவிட்டார். பக்திக்காக வைத்தது. ஆனால் அசனத்துக்குக் காசு கேட்கிற அட்டையில் ஆடு சிரித்துக்கொண்டு நின்றது, பார்த்தவர்கள் எல்லாருக்கும் குழம்பைத்தான் ஞாபகப்படுத்தியது. வசூல் நன்றாக நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. வெளியூர்க்காரர்கள் போட்டதையும் சேர்த்து அன்று சாயங்காலத்துக்குள் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். செயலாளர் அண்ணாச்சி மனக்கணக்காகவே சொன்னார்: "ரெண்டு கிடா ஆச்சு தங்கச்சி. மிச்சக் கிடாவுக்கு டப்பாப் பணம் இருக்கு. செவ்வாக்கெழம மேலப்பாளையம் சந்தைக்குப் போறோம். நாளைக்குச் சாயங்காலம் பணத்தக் கொண்டாந்துருங்க." வியாழக்கிழமை அசனம்.

திங்கட்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஏடிஎம்மில் கார்டைப் போட்டேன். என் கணக்கில் அசனப் பணத்தின் சுவடே இல்லை. அப்போதுதான் எனக்கு உச்சந்தலையில் உறைத்தது. என் போனில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று, இப்போது சம்பளம் வருவது. இன்னொன்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த தனியார் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சம்பளத்துக்காகத் திறந்துகொடுத்தது. பணம் அனுப்பும்போது புதுக் கணக்கைத் தேர்ந்தெடுத்துப் பழகிவிட்டேன். வருகிற பணம் எங்கே போய் இறங்கும் என்று யோசிக்கவே இல்லை, ஏனென்றால் எனக்கு யாரும் பணம் அனுப்புவதில்லை. அனுப்பப்பட்டதெல்லாம் பழைய கணக்கில் போய் விழுந்திருந்தது.

சரி, அதுவும் என் கணக்குதானே என்று தைரியமாக அந்தக் கார்டைத் தேடி எடுத்துப் போட்டேன். இருப்பு: ஆறாயிரத்து எழுநூறு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஆறாயிரத்து எழுநூறுதான். பதினோராயிரத்து எண்ணூறு ரூபாயைக் காணவில்லை. கிடாக் கணக்கில் சொன்னால் ஒண்ணேகால் கிடா. சந்தைக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் பாக்கி, பணமோ ஊருடையது.

ஜங்ஷனில் இருந்த அந்த வங்கிக்கு ஆட்டோவில் ஓடினேன். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அதற்கும் ஒரு கட்டணம் இருக்கக்கூடும். அங்கே ஓர் இளம் அதிகாரி, சேலம் பக்கத்துப் பையன், ரொம்ப மரியாதையாக "உட்காருங்க மேடம்" என்றார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பெரிய டாக்டர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"உங்க அக்கவுண்ட் மைனஸ்ல இருந்திருக்கு மேடம். கிரெடிட் வந்ததும் சிஸ்டம் எடுத்துக்கிச்சு."

"நான் உங்ககிட்ட கடனே வாங்கலியே?"

"கடன் இல்ல மேடம், சார்ஜஸ்." ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துத் தந்தார்.

அந்தத் தாளைப் படித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. வாஷிங்மெஷின் ஒன்று தவணையில் வாங்கியிருந்தேன். மாசாமாசம் அந்தக் கணக்கிலிருந்து தவணைப் பணம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. பழைய வேலையை விடுகிற சமயத்தில் ஒரு சீட்டுப் பணம் கைக்கு வந்தது. பாக்கித் தவணையை எல்லாம் பைனான்ஸ் ஆபீசில் ரொக்கமாகக் கட்டி, "இனி பாக்கி இல்லை" என்று சீட்டும் வாங்கி, கிறிஸ்துமஸ் கேக் வந்த தகர டப்பாவில் பத்திரமாக வைத்துவிட்டேன். அந்த விஷயத்தை பைனான்ஸ்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். அதுபாட்டுக்கு மாசாமாசம் வங்கியிடம் தவணை கேட்டிருக்கிறது. கணக்கில் பணம் இல்லை என்று வங்கி திருப்பி அனுப்பியிருக்கிறது. திருப்பி அனுப்பிய கூலி ஒவ்வொரு தடவையும் ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய், வரியோடு. பதினாலு தடவை. இல்லாத கடனுக்கு இல்லாத பணத்தைக் கொடுக்காததற்காக எட்டாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.

மீதி மூவாயிரத்து ஐந்நூற்று நாற்பது, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு. பத்து மாசம், மாசத்துக்கு முந்நூற்று ஐம்பத்து நாலு. கையில் பணம் இல்லாதவளிடம் பணம் இல்லை என்பதற்காகப் பணம் கேட்பது எவ்வளவு பெரிய அறிவு! நானும் பள்ளிக்கூடத்தில் அதைத்தானே செய்கிறேன் என்ற நினைப்பு ஒரு நிமிஷம் வந்தது. உடனே அதைத் துரத்திவிட்டேன். கோபப்பட வேண்டிய நேரத்தில் மனசாட்சி எதற்கு?

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"மெசேஜ் போயிருக்கே மேடம்."

போனை எடுத்துத் தேடினேன். உண்மைதான், வந்திருந்தது. அந்த வங்கியிலிருந்து எனக்கு வாரத்துக்குப் பத்து மெசேஜ் வரும். எல்லாமே உங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கடன் தயாராக இருக்கிறது, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்ற ரகம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் பிடித்தம் என்று ஒன்று ஒளிந்திருந்தால் நான் எப்படிப் பார்ப்பேன்? ஐந்நூறுக்கு என்னை நம்பாத வங்கி, ஐந்து லட்சத்துக்கு என்னை நம்பித் தவம் கிடந்திருக்கிறது.

"தம்பி, இது என் பணமே இல்ல. கோயில் அசனத்துக்கு ஊர்க்காரங்க போட்டது. நாளைக்குக் கிடா வாங்கணும்."

அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "புரியுது மேடம். ஆனா சிஸ்டத்துக்கு அது தெரியாதுல்ல?"

சிஸ்டம், சிஸ்டம் என்று அவர் சொன்ன பயபக்தியைப் பார்த்தால் எங்கள் சபைப் போதகர் ஐயாகூட ஜெபத்தில் அப்படிச் சொல்வதில்லை. மனு எழுதிக் கொடுங்கள், பைனான்ஸிலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள், முப்பது வேலை நாளில் பதில் வரும் என்றார். மிச்சம் இருந்த ஆறாயிரத்து எழுநூறை, சிஸ்டம் மனசு மாறுவதற்குள் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நேரே மார்க்கெட் பக்கம் போய்க் கையிலிருந்த இரண்டு வளையலைக் கழற்றி அடகு வைத்தேன். பன்னிரண்டாயிரம் தந்தார்கள். ஆக, சாயங்காலம் பஸ் ஏறும்போது என் பையில் அசனப் பணம் பதினெட்டாயிரத்து ஐந்நூறும் முழுசாக இருந்தது. யாருக்கும் ஒரு பைசா குறையவில்லை. விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் வெறுங்கையைப் பார்த்தார். "பணத்தக் குடுத்துட்டு வாயத் திறக்காம வந்துரு. வளையலுக்குப் பெறவு பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

நான் வாயைத் திறக்காமல் வந்த நாள் எது? செயலாளர் அண்ணாச்சி வீட்டில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒளிவு மறைவு இருக்கக் கூடாது என்று, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். வங்கி, மைனஸ், தவணை, வாஷிங்மெஷின், வளையல் எல்லாம். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ரொம்பக் கனிவாக ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"இதெல்லாம் எங்கிட்டச் சொல்லணும்னே இல்ல தங்கச்சி. பணம் வந்துட்டுல்லா. மனுஷங்கன்னா முன்னப் பின்னதான் இருக்கும்."

அந்த முன்னப் பின்ன என்ற வார்த்தை வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என்னை அரித்தது. மறுநாள் கிடாக்கள் லாரியில் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே செய்தி ஊர் முழுக்க இறங்கிவிட்டது. அசனப் பணத்தில் நான் வாஷிங்மெஷின் வாங்கிவிட்டேனாம். கமிட்டி கண்டுபிடித்துக் கேட்டதும் வளையலை விற்றுத் திருப்பிக் கட்டினேனாம். மூன்று வருஷமாக என் வீட்டுப் பின்பக்கம் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கிற மெஷினை அடுத்த வீட்டம்மாளே அன்றைக்கு முதல்தடவையாகப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கம்பெனியாட்டு இருக்கே மைனி" என்றாள்.

வியாழக்கிழமை அசனம் நடந்தது. வழக்கமாக நான் பெண்கள் பந்தியில் கறி வாளி எடுப்பேன். அது பொறுப்பான வேலை. யாருக்கு எலும்பு, யாருக்குச் சதை என்று முகம் பார்த்துப் போடத் தெரிய வேண்டும். அந்த வருஷம் வாளியில் கையை வைக்கும் முன்பே, "நீங்க ஏன் செரமப்படுதீங்க, அங்கன போய்த் தண்ணி ஊத்துங்க" என்று என்னை நகர்த்திவிட்டார்கள். தண்ணீரில் திருட என்ன இருக்கிறது? ஜக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனேன். மூன்றாவது பந்தியில் யாரோ ஒரு அம்மாள், "கறி இந்த வருஷம் கொஞ்சம் கம்மி" என்றாள். பக்கத்திலிருந்தவள் அவள் முழங்கையை இடித்து என்னைக் கண்ணால் காட்டினாள். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள், என் கல்யாணத்துக்குக் காய் நறுக்கியவர்கள். சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று நன்றாக அழுதேன். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் நின்றதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே நின்றுதான் முடிவு பண்ணினேன். பணம் மட்டும் வந்தால் போதாது. தவறு வங்கியுடையது என்று வங்கியே தாளில் எழுதித் தரவேண்டும். அந்தத் தாளைக் கமிட்டியில் வாசிக்க வைப்பேன்.

பைனான்ஸ் ஆபீஸ் வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில். முதல் தடவை போனபோது மேனேஜர் இல்லை. இரண்டாம் தடவை மேனேஜர் இருந்தார், சீல் இல்லை. மூன்றாம் தடவை இரண்டும் இருந்தன. மேனேஜர், நான் கேக் டப்பாவிலிருந்து கொண்டுபோன சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க சீட்டுதான். ஆனா எங்க கம்ப்யூட்டர்ல நீங்க இன்னும் கட்டணும்னு இருக்கு" என்றார். "அப்போ கம்ப்யூட்டர வந்து என் வீட்டு மெஷினத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று கத்தினேன். கீழே டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் கடிதம் வந்தது. அரசு ஆபீசோ தனியார் ஆபீசோ, நம் ஊரில் தொண்டைக்குக் கிடைக்கிற மரியாதை தாளுக்குக் கிடையாது.

கடிதத்தை வங்கியில் கொடுத்தேன். ஒன்றரை மாசம் கழித்து போன் டிங் என்றது. எட்டாயிரத்து இருநூற்று அறுபதும் திரும்ப வந்துவிட்டது! பஸ்ஸிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சத்தமாகச் சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, இன்னொரு டிங். ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டைக் காணவில்லை.

மறுநாள் போய்க் கேட்டேன். அதே தம்பி, அதே மரியாதை.

"ரீஃபண்ட் உங்க அக்கவுண்டுக்குத்தான் வரும் மேடம். அக்கவுண்ட் மறுபடி மைனஸ்ல இருந்துச்சு. அதான் சிஸ்டம் அட்ஜஸ்ட் பண்ணிருச்சு."

நான் கடைசிப் பைசா வரை எடுத்துவிட்டுப் போன பிறகு, தூங்கிக்கொண்டிருந்த குறைந்தபட்ச இருப்பு பணவாடை பட்டு முழித்துக்கொண்டு இரண்டு மாசம் வேலை பார்த்திருக்கிறது. அந்த இடைவெளியில் பைனான்ஸ்காரர்களும் கடைசியாக ஒரு தடவை தவணை கேட்டிருக்கிறார்கள். ஆக, தப்பாகப் பிடித்த பணத்தைத் திருப்பித் தந்து, அதிலிருந்து மறுபடி தப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு மிட்டாயை ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் பிடுங்கிக்கொள்கிற மாமா ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார். இவர்கள் அதை ஏசி போட்டுச் செய்கிறார்கள்.

நான் வங்கியை விட்டுக் கிளம்பவில்லை. தாகமாக இருந்தது. தண்ணீர் மெஷின் பக்கம் போனால், அதற்குப் பின்னால் சுவரில் ஒரு அறிவிப்புப் பலகை. வாடிக்கையாளர் உரிமைகளாம். உரிமையை வைக்கப் பொருத்தமான இடம். மெஷினைக் கொஞ்சம் தள்ளி, எறும்பு எழுத்தில் இருந்ததைப் படித்தேன். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் எந்தக் கணக்கையும் மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அவர்களே எழுதி ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள்.

போனில் படம் எடுத்து மேனேஜர் அறைக்குள் போய் மேஜைமேல் வைத்தேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். எந்த அளவிலும் அது அதையேதான் சொன்னது. "மேலே எழுதுறோம் மேடம்" என்றார். "எழுதுங்க, நானும் எழுதுதேன்" என்றேன். மேலும் ஒரு மாசம். பாக்கி நாலாயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டும் வந்தது. முதல் தடவை வந்ததில் பிடித்ததுபோக நின்ற ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டையும் சேர்த்தால் சரியாகப் பதினோராயிரத்து எண்ணூறு. ஒண்ணேகால் கிடாவும் உயிரோடு திரும்பிவிட்டது. அன்றைக்கே கணக்கை மூடி வளையலை மீட்டேன். அடகு வட்டி என் கைக்காசு.

மூடும்போது அந்தத் தம்பியிடம் கடிதம் கேட்டேன். அவர் ஒரு தாள் அடித்துத் தந்தார், இங்கிலீஷில். "தங்களுடனான நல்லுறவைக் கருதி, நல்லெண்ண அடிப்படையில், சலுகையாக மேற்படி தொகை திருப்பி வழங்கப்படுகிறது" என்று அதற்கு அர்த்தம்.

"தம்பி, இது சலுகை இல்ல. நீங்க செஞ்சது தவறு. தவறுன்னு எழுதுங்க."

அவர் பாவம், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த வார்த்தை இதுல வராது மேடம். ரெடியா இருக்குற ஃபார்மேட்ல பேரும் தொகையும் மட்டுந்தான் நாங்க மாத்த முடியும்."

கிடைத்ததை வாங்கிக்கொண்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதே போதும், படிக்கிறவர்களுக்குப் புரியாதா என்று நினைத்தேன். சபையாரைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் எனக்கு அப்போதும் மிச்சம் இருந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டம் ஆராதனை முடிந்து கோயிலின் பின்னறையில் நடந்தது. எங்கள் ஐயா நல்ல மனுஷர். சண்டை என்றால் பிடிக்காது, அதனால் யார் முதலில் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் இருந்துவிடுவார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வரிவரியாகத் தமிழில் வாசித்தார். நல்லுறவு என்றார். நல்லெண்ணம் என்றார். சலுகை என்றார்.

செயலாளர் அண்ணாச்சி எழுந்தார். கண்களில் நிஜமாகவே ஈரம்.

"பாத்தீங்களா ஐயா! பணந்தான் பெரிசுன்னு இருக்கிற பாங்குக்காரனே நல்லெண்ணத்துல விட்டுக்குடுத்திருக்கான். நாம ஆண்டவருடைய பிள்ளைய. நாம விட்டுக்குடுக்காண்டாமா? தங்கச்சி விஷயத்த இன்னையோட மன்னிச்சி, மினிட்ல ஏத்திருவோம்."

"நான் என்ன செஞ்சேன்னு மன்னிக்கீங்க?" என்று எழுந்தேன். "ஒரு பைசா குறைஞ்சதா? ஒரு நாள் பிந்துனதா? ஐயா, நீங்களாவது சொல்லுங்க."

ஐயா என்னைக் கனிவோடு பார்த்தார். "அம்மா, கோபப்படாதீங்க. மன்னிப்பு கிடைக்கும்போது தாழ்மையா ஏத்துக்கிடணும்."

இல்லை என்று சொன்னால் தாழ்மை இல்லாதவள். சரி என்று சொன்னால் திருடி. வங்கியில் மூன்று மாசம் அலைந்து வாதாட முடிந்தது. அங்கே ஒரு அறிவிப்புப் பலகையாவது இருந்தது. அந்தப் பின்னறைச் சுவர் நாலையும் பார்த்தேன், அதிலே பழைய கமிட்டிக்காரர்கள் போட்டோதான் மாட்டியிருந்தது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மினிட் புத்தகத்தை என் பக்கம் தள்ளிப் பேனாவையும் கொடுத்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் வண்டியோடு நின்ற வீட்டுக்காரர், "முடிஞ்சிட்டா?" என்று கேட்டார். பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

போன மாசக் கூட்டத்துக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். போகாவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பார்கள் என்று போனேன். ஆரம்ப ஜெபத்துக்குப் பிறகு அண்ணாச்சி முந்தின கூட்டத்து மினிட்டை வாசித்தார். அசனக் காணிக்கை விஷயத்தில் சகோதரியின் தவறு மன்னிக்கப்பட்டது. அதை ஏற்றுக் கையெழுத்திட சகோதரி மறுத்தார். அந்தக் கீழ்ப்படியாமையும் கமிட்டியாரால் ஒருமனதாக மன்னிக்கப்பட்டது. எல்லாரும் ஆமென் என்றார்கள். சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம், அவர்களோடு சேர்ந்து என் வாயும் ஆமென் என்றுவிட்டது.